யுகே: ஸ்பான்சர் விசாவில் இருந்துகொண்டு ஏஜென்சி நைட் ஷிப்ட் எடுக்கலாமா?

குழித்துறை மகள்

அக்கா, அண்ணன் எல்லாருக்கும் வணக்கம். நான் குமரி மாவட்டம். நாகர்கோவில்ல பி.எஸ்சி. நர்சிங் முடிச்சு, சென்னையில தனியார் ஆஸ்பத்திரியில அஞ்சு வருஷம் மெடிக்கல் வார்டுல இருந்தேன். இங்கிலாந்து வந்து பதினாலு மாசம் ஆகுது. ஓஸ்கி (இங்க நர்ஸா பதிவு பண்ண எழுதுற செய்முறைத் தேர்வு) முதல் தடவையே பாஸ். இப்ப வடக்குப் பக்கம் ஒரு ஊர்ல முதியோர் வார்டு, பேண்ட் 5 (நர்ஸோட ஆரம்பச் சம்பள நிலை), ஹெல்த் அண்ட் கேர் விசா. நாலு வாரத்துக்குப் பதிமூணு ஷிப்ட், எல்லாமே பதினொன்றரை மணி நேரக் கணக்கு.

வரும்போது அம்மாவோட நகை பதினொரு பவுனையும் மார்த்தாண்டத்துல அடகு வச்சுட்டுதான் வந்தேன். தை மாசத்துக்குள்ள மீட்டுத் தர்றேன்னு சொல்லியிருந்தேன். அதுக்கு நடுவுல அப்பாவுக்கு ஸ்டென்ட் வைக்க வேண்டியதாயிடுச்சு. என் வீட்டுக்காரர் இங்க வந்து நாலு மாசம், இன்னும் வேர்ஹவுஸ்ல வாரம் மூணு நாள்தான் வேலை. வாடகை, கவுன்சில் டேக்ஸ், கரண்ட் எல்லாம் போக ஊருக்கு அனுப்புறது வட்டிக்கே சரியா இருக்கு.

எங்க வார்டுக்கு வர்ற ஒரு ஏஜென்சி நர்ஸ் (ஆள் குறையும்போது ஷிப்டுக்கு ஆள் அனுப்புற கம்பெனி மூலமா வர்றவங்க) என் நம்பரை அவங்க ஏஜென்சிக்குக் கொடுத்துட்டாங்க. அங்கிருந்து தினமும் வாட்ஸ்அப். வாரநாள் நைட் மணிக்கு 24 பவுண்டு, ஞாயிறு 31. ஆஸ்பத்திரி 22 மைல் தள்ளி. எனக்கு 2025-26 கணக்குப்படி அடிப்படை மணிக்கு 15.88 தான். 24-ன்னு பார்த்ததும் மனசு கணக்குப் போட ஆரம்பிச்சுடுச்சு. வாரம் ரெண்டு நைட் எடுத்தா ஆறு மாசத்துல நகை வீட்டுக்கு வந்துடும்.

விசாவுக்கு இது சிக்கல் ஆகுமா? என் மேனேஜர்கிட்ட சொல்லணுமா, சொல்லாம எடுக்கலாமா? தெரியாத வார்டுல போய் நின்னா எப்படி இருக்கும்? எங்க வார்டுல நாலஞ்சு பேர் எடுக்குறாங்க, ஆனா கேட்டா யாரும் வாய் திறந்து சொல்ல மாட்டேங்குறாங்க. தயவு செஞ்சு அனுபவம் இருக்குறவங்க சொல்லுங்க.

---

நெல்லைச் செவிலி

தங்கச்சி, நான் 2018-ல வந்தவ. மிட்லண்ட்ஸ்ல இருக்கேன். விசாவுல இருந்தப்பவும் ஏஜென்சி எடுத்திருக்கேன், நிரந்தரமா தங்குற உரிமை வந்த பிறகும் எடுத்தேன். நீங்க இங்க வந்து கேட்டது ரொம்ப நல்லது. எனக்குக் கேட்க ஆள் இல்ல, அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன்.

முதல்ல உங்க கணக்கு. வாரம் ரெண்டு நைட் முடியாது. ஸ்பான்சர் பண்ற முதலாளி தவிர வேற இடத்துல வாரத்துக்கு 20 மணி நேரம்தான் செய்யலாம். பதினொன்றரையும் பதினொன்றரையும் 23. மூணு மணி நேரம்தானே கூடன்னு ஏஜென்சிக்காரங்க சொல்லுவாங்க. அவங்களுக்கு விசா இல்ல, உங்களுக்கு இருக்கு. ஒரு நைட்டும், ஏழரை மணி நேர ஷார்ட் ஷிப்ட் ஒண்ணும் எடுத்தா 19, அது சரி. அதுவும் உங்க சொந்த வார்டு ரோட்டா (ஷிப்ட் அட்டவணை) நேரத்துக்கு வெளியில இருக்கணும், ஸ்பான்சர் வேலை முழுசா நடந்துட்டு இருக்கணும். இந்த 20-ல எல்லா வெளி வேலையும் சேர்ந்துதான். ரெண்டு ஏஜென்சியில பேர் கொடுத்தா ஒவ்வொண்ணுக்கும் 20 கிடையாது.

மேனேஜர்கிட்ட சொல்லணுமான்னு கேட்டீங்க. சொல்லுங்க. ஒழுங்கான ஏஜென்சியா இருந்தா அவங்களே உங்க ஹெச்ஆர் கடிதம் கேப்பாங்க: இன்னும் அங்க வேலையில இருக்கீங்க, தொழில் குறியீட்டு எண் இது, வழக்கமான மணி நேரம் இவ்வளவுன்னு. கடிதமே வேண்டாம், நாளைக்கே வாங்கன்னு சொல்ற ஏஜென்சியா இருந்தா அந்த இடத்தை விட்டு விலகிடுங்க. உங்க ஒப்பந்தத்துலயும் வேற வேலை எடுத்தா தெரிவிக்கணும்னு ஒரு வரி இருக்கும், தேடிப் பாருங்க.

இப்ப காசு. 24 பவுண்டு உங்க கைக்கு வர்ற காசு இல்ல. அந்த 24-ல விடுப்பு ஊதியம் சேர்ந்திருக்கான்னு கேளுங்க. பெரும்பாலும் சேர்த்துத்தான் சொல்லுவாங்க. அது 12.07 சதவீதம், அதை எடுத்துட்டா உண்மையான மணிக்கூலி 21.40 சொச்சம்தான். வரி இல்லாத 12,570 பவுண்டை உங்க முதல் வேலை ஏற்கெனவே தின்னுடுது, அதனால ஏஜென்சி சம்பளத்துல முதல் பவுண்டுல இருந்தே 20 சதவீதம் போகும். சேரும்போது படிவத்துல இன்னொரு வேலை இருக்குன்னு மறக்காம சொல்லுங்க. சொல்லாம விட்டு, கூடக் காசு வந்திருக்கேன்னு சந்தோஷப்பட்டு, அடுத்த வருஷம் வரித்துறை கடிதம் வந்து அழுதவங்களை எனக்குத் தெரியும்.

ஒரு நைட்டுக்கு 24 பெருக்கல் 11.5, அதாவது 276. நேரடியா ஏஜென்சி பேரோல்ல போட்டா வரியும் நேஷனல் இன்சூரன்சும் (சம்பளத்துல பிடிக்கிற சமூகக் காப்பீடு) போய் கையில 218 கிட்ட வரும். அதே வாரநாள் நைட்டை உங்க சொந்த ட்ரஸ்ட் பேங்க்ல எடுத்தா? (ட்ரஸ்ட்ன்னா உங்க ஆஸ்பத்திரியை நடத்துற அரசு மருத்துவ அமைப்பு, பேங்க்ன்னா கூடுதல் ஷிப்டுக்கு அவங்களே வச்சிருக்குற ஆள் பட்டியல், காசு போடுற பேங்க் இல்ல.) 15.88-க்கு நைட் கூடுதல் 30 சதவீதம், 20.64. அதுக்கு மேல விடுப்பு ஊதியம். எங்க ட்ரஸ்ட்ல பேங்குக்கு அப்படித்தான் கணக்கு, உங்க இடத்துல ஒரு தடவை கேட்டுக்கோங்க. மொத்தம் 266. முதலாளி ஒருத்தரே அப்படிங்கறதால நேஷனல் இன்சூரன்ஸ் முழுசுக்கும் பிடிப்பாங்க, கையில 190 சொச்சம். வித்தியாசம் 26 பவுண்டு. காலையில நைட் முடிச்சு 22 மைல் வர ரயிலும் டாக்சியும் எவ்வளவுன்னு பாருங்க. ஞாயிறு இன்னும் நெருக்கம்: உங்க பேங்க்ல 60 சதவீதம் கூடுதல், 25.40, அதுக்கு மேல விடுப்பு ஊதியம், 28-ஐத் தாண்டிடும். அவங்க சொல்ற 31-க்காக முன்னப்பின்ன தெரியாத ஆஸ்பத்திரிக்குப் போகணும்.

சொந்த ட்ரஸ்ட்லயே செய்றது உங்க ஸ்பான்சர் கிட்ட செய்றது. ஆனா சில ட்ரஸ்டோட பேங்கை என்ஹெச்எஸ் ப்ரொபெஷனல்ஸ் மாதிரி வேற நிறுவனம் நடத்தும். அப்ப பேஸ்லிப்புல முதலாளி பேரே வேறயா இருக்கும். அதையும் 20 மணி நேரத்துக்குள்ள வச்சுக்கிட்டா நிம்மதி. ஹெச்ஆர்கிட்ட வாய்ப்பேச்சா கேக்காதீங்க, மெயில்ல கேட்டு பதிலை எடுத்து வைங்க.

காசு விஷயம் அவ்வளவுதான். இதை எழுத உட்கார்ந்ததே இனி சொல்லப் போறதுக்காகத்தான்.

2022 டிசம்பர். ஏஜென்சி மூலமா போன மூணாவது நைட். ஆஸ்பத்திரி பேர் வேண்டாம். வார்டுல 28 கட்டில், நிரந்தர ஸ்டாஃப் ஒரே ஒரு நர்ஸ், அவங்கதான் இன்சார்ஜ். நானும் இன்னொரு ஏஜென்சி நர்சும். எனக்கு ஒன்பது பேஷன்ட். ஹேண்டோவர் கேட்டுட்டு ட்ராலியைத் தள்ளிட்டுப் போனா, மருந்து எல்லாம் கம்ப்யூட்டர்ல. எனக்கு லாகின் வரல. ஏஜென்சிக்குப் போன் அடிச்சா ஆஸ்பத்திரி தரும்னாங்க. ஆஸ்பத்திரி ஐடி-க்கு அடிச்சா ஏஜென்சி படிவம் அனுப்பலைன்னாங்க. மணி ஒன்பது, ஒன்பதரை.

ஒரு ஓரத்துக் கட்டில்ல எழுபது தாண்டின ஒரு ஐயா. பார்கின்சன் நோய். அவருக்குப் பத்து மணிக்கு கோ-கரெல்டோபா (லெவோடோபா சேர்ந்த மாத்திரை). சாயங்காலம் நான் வந்தப்ப எழுந்து உட்கார்ந்து மனைவிகூட போன்ல பேசிட்டு இருந்தவர். அவர் கட்டில் பக்கத்துல ஒரு சின்ன நோட்டு, அவர் மனைவி கையெழுத்துல மருந்து நேரம் எல்லாம் எழுதி, பத்து மணிக்குக் கீழ ரெண்டு கோடு போட்டிருந்தாங்க. லெவோடோபா குறிச்ச நேரத்துல இருந்து அரை மணி நேரத்துக்குள்ள கொடுக்கணும்னு நைஸ் (இங்க சிகிச்சைக்கு வழிகாட்டுதல் வகுக்குற அமைப்பு) தர அளவுகோல்லயே இருக்கு. அது அந்த அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்கும் தெரியும். ஆனா மருந்து அலமாரியைத் திறக்க முடிஞ்சும், எந்த அளவுன்னு திரையைப் பார்க்க வழியில்லாம நிக்கிறேன்.

கூட இருந்த ஏஜென்சி நர்ஸ், என் லாகினைப் போட்டுக்கோ, எல்லாரும் அப்படித்தான் செய்றாங்கன்னு சொன்னாங்க. நல்ல மனசோடதான் சொன்னாங்க. அடுத்தவங்க பேர்ல நான் கொடுக்குற மருந்துல ஏதாவது தப்பு நடந்தா ரெண்டு பேரோட நர்சிங் பதிவு எண்ணும் போகும். இன்சார்ஜ் நர்சைத் தேடினேன், அவங்க சைட் ரூம்ல ஒரு பேஷன்ட் மூச்சு முட்டுறார்னு டாக்டர்கூட மாட்டிக்கிட்டாங்க. அவங்களை எப்படிக் கூப்பிடுறதுன்னு நான் தயங்கினேன். அந்தத் தயக்கம் என் தப்பு. சைட் மேனேஜருக்கு (ராத்திரியில முழு ஆஸ்பத்திரிக்கும் பொறுப்பா இருக்குறவங்க) பத்து மணிக்கே அடிச்சிருக்கணும், பத்தே முக்காலுக்குத்தான் அடிச்சேன்.

மருந்து கொடுத்தப்ப மணி பதினொன்று நாற்பது. இன்சார்ஜ் வந்து அவங்க லாகின்ல பார்த்து அவங்களே கொடுத்தாங்க. அதுக்குள்ள அந்த ஐயா இறுகிப் போயிருந்தார். தலையணையில இருந்து தலையைத் தூக்க முடியல. விரல் மடங்கியபடியே நின்னுடுச்சு. முகத்துல ஒரு அசைவு இல்ல, கண்ணு மட்டும் என்னையே பார்த்துட்டு இருந்துச்சு. மாத்திரையை விழுங்க வைக்கவே ரொம்ப நேரம் ஆச்சு, ஸ்பூன்ல கெட்டியாக்கின தண்ணியோட. விடிய விடிய ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நான்தான் திருப்பிப் படுக்க வச்சேன். காலையில கொஞ்சம் தளர்ந்து, எனக்கு நன்றி சொன்னார். அந்த நன்றியை வாங்கிக்கிட்டு நான் பஸ் ஸ்டாப்ல உட்கார்ந்து அழுதேன்.

டேடிக்ஸ்ல சம்பவ அறிக்கை நானே போட்டேன், என் தயக்கத்தையும் சேர்த்து எழுதினேன். என்எம்சி (நர்ஸ்களைப் பதிவு பண்ற கவுன்சில்) நடத்தை நெறியில 13-வது பகுதி உங்க திறமையோட எல்லைக்குள்ள வேலை செய்யணும்ங்கறது, 16-வது பகுதி பேஷன்டுக்கு ஆபத்துன்னு தெரிஞ்சா தாமதிக்காம செயல்படணும்ங்கறது. ஓஸ்கிக்கு மனப்பாடம் பண்ணினோம் இல்லையா, அதுக்கு அர்த்தம் எனக்கு அன்னைக்கு ராத்திரிதான் புரிஞ்சது.

அதுக்கப்புறம் எந்த ஷிப்டை ஒத்துக்கிறதுக்கு முன்னாடியும் ஏஜென்சிகிட்ட எழுத்துல கேக்க ஆரம்பிச்சேன். மருந்து கம்ப்யூட்டர்லயா காகிதத்துலயா, லாகின் ஷிப்ட் தொடங்குறதுக்கு முன்னாடி கைக்கு வருமா. ஏஜென்சி நர்ஸ் ஐவி (நரம்பு வழியா ஏத்துற மருந்து) கொடுக்க அந்த ட்ரஸ்ட்ல அனுமதி உண்டா (பல இடத்துல கிடையாது, அப்ப உங்க பேஷன்டோட ஐவி-க்கு இன்னொருத்தரைக் கெஞ்சிட்டு இருக்கணும்). எந்த வார்டு, நிரந்தர நர்ஸ் எத்தனை பேர். போன உடனே வேற வார்டுக்கு மாத்திவிடுவாங்க, அது நடக்கும். மாத்தினா அந்த வார்டு உங்களால முடியுமான்னு நின்னு யோசிங்க. எனக்கு ஒரு தடவை நெஞ்சுக்குழாய் போட்டிருந்த நாலு பேரைத் தூக்கிக் கொடுத்தாங்க. எனக்கு அந்தப் பயிற்சி இல்லைன்னு சொன்னேன். இன்சார்ஜ் முகம் சுருங்கினாலும் ஆளை மாத்திக் கொடுத்தாங்க. வார்டுக்குப் போனதும் நான் பார்க்குறது மூணு: க்ராஷ் ட்ராலி (உயிர்காக்கும் அவசரச் சாமான் வண்டி) எங்க, ஹைப்போ பெட்டி (சர்க்கரை குறைஞ்சா கொடுக்குறது) எங்க, சைட் மேனேஜர் பேஜர் நம்பர் என்ன. சட்டைப் பையில எழுதி வச்சுக்குவேன்.

உடம்பைப் பத்தியும் சொல்லிடுறேன். 48 மணி நேர வரம்பை விட்டுக்கொடுக்குற படிவத்துல ஏஜென்சி கையெழுத்து கேக்கும். கொடுக்கணும்னு கட்டாயம் இல்ல. ரெண்டு ஷிப்டுக்கு நடுவுல 11 மணி நேர ஓய்வை விடாதீங்க. சொந்த வார்டுல நாலு நைட் முடிச்சு அஞ்சாவதா ஏஜென்சி எடுத்த ஒரு தடவை, 250 மில்லிகிராம் மாத்திரையில 500 மில்லிகிராம் எத்தனைன்னு அலமாரி முன்னாடி நின்னு நாலு தடவை கணக்குப் போட்டேன். ரெண்டுன்னு தெரியும். ஆனா அந்த ரெண்டை நம்ப முடியல. அன்னைக்கோட அஞ்சாவது நைட் எடுக்குறதை நிறுத்தினேன்.

---

வைகைக்கரை

நெல்லை அக்கா சொன்னதுல ஒண்ணு மட்டும் சேர்க்குறேன். நான் ஐசியூ, மதுரைப் பக்கம். ஏஜென்சி உங்களை நேரடியா அவங்க பேரோல்ல போடுதா, இல்ல அம்ப்ரெல்லா கம்பெனி (நடுவுல நின்னு உங்களுக்குச் சம்பளம் போடுற வேற கம்பெனி) மூலமாவா? போன்ல பேசுறவங்க இதைச் சொல்லவே மாட்டாங்க. அம்ப்ரெல்லான்னா அந்த 24 உங்க சம்பளம் இல்ல, உங்களுக்காக ஏஜென்சி அந்த அம்ப்ரெல்லா கம்பெனிக்குக் கொடுக்குற தொகை. முதலாளி கட்ட வேண்டிய 15 சதவீத நேஷனல் இன்சூரன்ஸ், அப்ரென்டிஸ்ஷிப் லெவி, அவங்க கமிஷன் எல்லாம் அதுல இருந்துதான் எடுப்பாங்க. அதுக்கு அப்புறம் உங்க வரி.

அக்கா போட்ட அதே 276-ஐ நான் போட்டுப் பார்த்தேன். கமிஷன் வாரம் 20 பவுண்டுன்னு வச்சா கையில 187 கிட்டதான் வருது. உங்க சொந்த பேங்கை விடக் குறைவு, அதுவும் பயணச் செலவைக் கழிக்காமலே. என் முதல் அம்ப்ரெல்லா பேஸ்லிப்பைப் பார்த்துட்டு ஏதோ தப்பா அனுப்பிட்டாங்கன்னு நினைச்சுப் போன் பண்ணினேன். தப்பு இல்ல, அதுதான் கணக்கு.

2020 ஏப்ரல்ல இருந்து ஏஜென்சி உங்களோட ஒப்புக்கொள்றதுக்கு முன்னாடியே ஒரு கீ இன்ஃபர்மேஷன் டாக்குமென்ட் கொடுத்தே ஆகணும். யார் சம்பளம் கொடுப்பாங்க, என்ன பிடிப்பாங்க, உதாரணத்துக்குக் கையில எவ்வளவு வரும்னு அதுல இருக்கும். அதைக் கேளுங்க. கேட்டதும் பேச்சை மாத்தினாங்கன்னா புரிஞ்சுக்கலாம்.

---

வடமராட்சித் தாதி

தங்கச்சி, நான் சின்னனிலை லண்டனுக்கு வந்த ஆள். சிற்றிசன் எண்டபடியால் எனக்கு விசாக் கரைச்சல் இல்லை. முழுநேர வேலையை விட்டுப்போட்டு மூண்டு வருசமா ஏஜென்சியிலைதான் வேலை செய்யிறன். ரெண்டு பிள்ளையள், எந்த நாள் வேலை எண்டதை நானே தீர்மானிக்க வேணும், அதுதான் காரணம். ஏஜென்சி கூடாது எண்டு நான் சொல்லமாட்டன். ஆனால் சண்டை பிடிக்கத் தெரிஞ்சிருக்க வேணும்.

போன வருசம் ஒரு நைட் முடிய, டைம்ஷீட்டிலை கையெழுத்து வைக்க வேண்டிய ஆள் அவசரமா வேற வாட்டுக்குப் போட்டா. நானும் நித்திரைக் களையிலை வீட்டை வந்திட்டன். கையெழுத்து இல்லாட்டிக் காசு இல்லை எண்டு ஏஜென்சி நிண்டது. மூண்டு கிழமை. பிறகு ஏகாஸ் (வேலை உரிமையளைப் பற்றி ஆலோசனை சொல்லுற அமைப்பு) உதவி எண்ணுக்கு அடிச்சுக் கேட்டன். 2003ஆம் ஆண்டு வந்த ஏஜென்சி நடத்தை விதிகளிலை 12ஆவதைப் பாருங்கோ எண்டு சொல்லிச்சினம். கையெழுத்து இல்லை எண்டதையோ, ஆஸ்பத்திரி தங்களுக்கு இன்னும் காசு தரேல்லை எண்டதையோ காரணமாச் சொல்லிச் சம்பளத்தை நிறுத்தி வைக்க ஏலாது. நாங்கள் வேலை செய்தமோ எண்டு வேற வழியிலை விசாரிச்சுப் பாக்கலாம், அவ்வளவுதான். அந்த விதியின்ரை எண்ணைப் போட்டு நாலு வரி மெயில் அனுப்பினன். வெள்ளிக்கிழமை காசு வந்திட்டுது.

அதிலை இருந்து ஒரு சின்னக் கொப்பி வைச்சிருக்கிறன். திகதி, வாட், இன்சார்ஜின்ரை பேர், தொடங்கின நேரம், முடிஞ்ச நேரம். அத்தாட்சிக்கு எண்டு ஹேண்டோவர் தாளைப் படம் எடுத்து வைச்சிராதேங்கோ, அதிலை நோயாளரின்ரை விபரம் இருக்கு, அது வேற பெரிய பிரச்சினையிலை கொண்டுபோய் விடும்.

இன்னொண்டு. வேலை தேடித் தாறதுக்கு எண்டு ஆரும் உங்களிட்டைக் காசு கேட்டால் குடுக்காதேங்கோ. 1973ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே அது தடை. எங்கடை ஆக்களே சிலர் நூறு, இருநூறு பவுண்ஸ் வாங்கி ஆளைச் சேத்து விடினம், நெஞ்சு பொறுக்குதில்லை.

கடைசி நேரத்திலை ரத்தாகிறதையும் யோசியுங்கோ. ஆஸ்பத்திரி முதலிலை தன்ரை பேங்க் ஆக்களைத்தான் தேடும், கிடைக்காட்டித்தான் ஏஜென்சி. பின்னேரம் ஒரு பேங்க் தாதி ஓமெண்டால் உங்கடை ஷிப்ட் போச்சு. 2025-26இலை ஏஜென்சிச் செலவைக் குறைஞ்சது 30 வீதம் குறைக்க வேணும் எண்டு மேலிடத்துக் கட்டளை வந்தது. எங்களுக்கு அது நல்லாத் தெரியுது. முந்திக் கிழமைக்கு நாலு ஷிப்ட் தேர்ந்தெடுத்து எடுப்பன், இப்ப ரெண்டு கிடைச்சாலே பெரிசு. வட்டி கட்டுற காசை இதிலை நம்பி இருக்காதேங்கோ.

---

பொன்னி

ஒரே விஷயம். சொந்த வார்டுல சிக் போட்டுட்டு ஏஜென்சி போகாதீங்க. காய்ச்சல் இருந்தது, சாயங்காலம் சரியாயிடுச்சு, அதான் போனேன்னு சொன்னா யாரும் காதுல வாங்க மாட்டாங்க. அதை மோசடின்னுதான் விசாரிப்பாங்க. என்னோட அதே வார்டுல இருந்த ஒரு பொண்ணு, ரொம்ப நல்ல நர்ஸ், ரெண்டே ரெண்டு ஷிப்டுக்காக வேலையை இழந்துட்டா. வேலை போனதோட ஸ்பான்சரும் போச்சு. அவ பெட்டி கட்டும்போது நான் கூட இருந்தேன், அதனால சொல்றேன்.

---

குழித்துறை மகள்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேத்து நைட் முடிச்சு வந்து பஸ்லயே எல்லாத்தையும் படிச்சேன். நெல்லை அக்கா எழுதின அந்த ஐயாவை நினைச்சா தொண்டை அடைக்குது. எங்க வார்டுலயும் பார்கின்சன் பேஷன்ட் ரெண்டு பேர் இருக்காங்க. இன்னைக்கு ட்ரக் ரவுண்டுல அவங்ககிட்டதான் முதல்ல போனேன்.

அப்புறம் இந்த வாரம் செஞ்சதைச் சொல்றேன். ஏஜென்சிக்கு மெயில் போட்டேன், வைகைக்கரை அண்ணன் சொன்ன டாக்குமென்ட் கேட்டு, லாகின் முன்கூட்டியே வருமான்னும் கேட்டு. டாக்குமென்ட் வந்துச்சு. அம்ப்ரெல்லாதான். உதாரணக் கணக்குல கையில வர்ற தொகை நீங்க சொன்னதுக்குப் பக்கத்துலயே இருக்கு. லாகின் பத்தின கேள்விக்கு, அங்க போனா பார்த்துக்கலாம்னு ஒரு வரி. வேண்டாம்னு எழுதிட்டேன். அதுல இருந்து வாட்ஸ்அப் வர்றது நின்னுடுச்சு.

எங்க மேனேஜர்கிட்ட போய்ச் சொன்னப்ப பயமாத்தான் இருந்துச்சு. அவங்க கோபப்படவே இல்ல. பேங்க்ல சேர ஒரு படிவம், பத்து நிமிஷம். எங்க பேங்க் ட்ரஸ்ட்டே நேரடியா நடத்துறதுதானாம், ஹெச்ஆர்கிட்ட மெயில்ல பதில் வாங்கி வச்சுட்டேன். அடுத்த மாசம் ரெண்டு ஞாயிறு போட்டிருக்கேன், ரெண்டும் எங்க மாடியிலயே பக்கத்து வார்டு. நடுவுல ரெண்டு நாள் லீவு விட்டுத்தான் எடுத்தேன்.

நெல்லை அக்கா, ஒரு சந்தேகம். பேங்க் ஷிப்ட்ல என்னை இன்சார்ஜா நிக்கச் சொன்னா மறுக்கலாமா? எங்க வார்டுலயே நான் இன்னும் தனியா இன்சார்ஜ் எடுத்தது இல்ல.

---

நெல்லைச் செவிலி

மறுக்கலாம், மறுக்கணும். ஷிப்ட் தொடங்குறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க, ஹேண்டோவர் நேரத்துல சொன்னா அவங்களுக்கும் வழி இருக்காது. பேங்க் ஆபீசுக்கு ஒரு மெயில்: இன்சார்ஜ் பயிற்சி இன்னும் முடிக்கல, அந்தப் பொறுப்பு இல்லாத ஷிப்ட் மட்டும் போடுங்கன்னு. உங்க மேனேஜர் பேரையும் அதுல சேருங்க. அன்னைக்கு யாராவது வற்புறுத்தினா சைட் மேனேஜரைக் கூப்பிடுங்க. என்னை மாதிரி முக்கால் மணி நேரம் தயங்காதீங்க.

ரெண்டு ஞாயிறு எடுத்தது சரியான அளவு. அந்த மாசப் பேஸ்லிப் வந்ததும் நைட் கூடுதலும் ஞாயிறு கூடுதலும் சரியா ஏறியிருக்கான்னு ஒரு தடவை ரோட்டாவோட வச்சுப் பாருங்க. பேங்க்ல மாசக் கடைசி ஷிப்ட் அடுத்த மாசத்துக்குத் தள்ளிப்போகும், அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

---

குழித்துறை மகள்

சரிக்கா. மெயில் இப்பவே போட்டுட்டேன்.

ராத்திரி அம்மாவுக்குப் போன் பண்ணி, தை மாசம் முடியாது, ஆனிக்குள்ள மீட்டுடலாம்னு சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவே இல்ல. அப்புறம், வட்டி அந்தத் தேதிக்குப் போனா போதும், நீ சாப்பிட்டியான்னு கேட்டாங்க.